இனம் என்னும் முதற்படி

திருப்பூரில் நம் இளையோர்க்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அண்மையில் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் ஐந்தாறு பேர் வட்டமாய் அமர்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டிக் கதை வளர்த்துக்கொண்டிருக்கக் கண்டோம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் இவ்விளையாட்டை 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் படைத்தளித்தனர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாவர். அப்பாத்திரத்தைப் படைக்கும்போது 2014ஆம் ஆண்டு விதிநூல் வகுத்த முதற்படி, இனத்தைத் தெரிவது. மனிதரா, எல்ஃபா, குள்ளரா, அரை ஓர்க்கா?

இதனை இலக்கியமாகவே நோக்க விரும்புகிறோம். எல்ஃபும் குள்ளரும் பழைய வடபுலக் கதைகளில் உள்ளவர்களே. ஆயினும் விளையாட்டில் அவர்கள் மேல் படிந்திருப்பது டோல்கீனின் சாயல். தொடக்கப் பதிப்புகள் 'ஹாபிட்' என்ற அவருடைய பெயரையே எடுத்தாண்டு, உரிமையாளர் மறுத்தபின் மாற்றிக்கொண்டன. டோல்கீன் பற்றுறுதி மிக்க கத்தோலிக்கர் என்பதை வாசகர் பலர் அறிவர். அவருடைய கதையுலகில் இனத்தைத் தெரிவது ஒரு வாழ்வின் உச்சத்தில் நிகழ்கிறது. எல்ஃபும் மனிதரும் கலந்த மரபில் பிறந்த எல்ரோண்ட், எல்ரோஸ் என்னும் உடன்பிறந்தாருக்கு, எவ்வினத்தில் சேர்வது என்ற உரிமை அளிக்கப்படுகிறது. எல்ரோண்ட் எல்ஃபாகி அழியா வாழ்வைப் பெறுகிறார். எல்ரோஸ் மனிதராகிச் சாவை ஏற்கிறார். எல்ரோண்டின் மகள் ஆர்வெனோ அரகோர்ன் மேல் கொண்ட அன்பினால் சாவையே தெரிந்துகொள்கிறாள். தெரிவுக்கு அங்கே விலை உண்டு.

விளையாட்டு அவ்வினங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டது, விலையை விட்டுவிட்டது. அதற்கு மாறாகக் கூலி கொடுத்தது. 2014 நூலின்படி, குள்ளர் என்று எழுதினால் உடலுறுதியில் இரண்டு புள்ளி. எல்ஃப் என்றால் சுறுசுறுப்பில் இரண்டு. அரை ஓர்க் என்றால் வலிமையில் இரண்டு. இதைக் கேட்டபோது நமக்குப் பனியன் கம்பெனி வாசல் நினைவுக்கு வந்தது. வேலை தேடி வந்தவன் எந்த மாநிலத்தவன் என்று கேட்ட மாத்திரத்தில், இவன் மூட்டை தூக்க, இவன் அயர்ன் மேசைக்கு என்று பிரிப்போரைக் கண்டிருக்கிறோம். ஓவர்லாக் மெஷினில் அவன் கை எப்படி ஓடும் என்று பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

2024இல் வெளிவந்த புதிய விதிநூல் இந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, வளர்ந்த சூழலுக்கும் தொழிலுக்கும் தந்துள்ளது: உழவர், கைவினைஞர், படைவீரர் என்றவாறு. (ஆலயப் பணியாளரும் உண்டு என்றறிந்து நம் பீடச்சிறுவர் இருவர் மகிழ்ந்தனர்!) நல்ல மாற்றந்தான். ஆனால் தொழிலும் பிறப்போடு வந்த நாட்டினராகிய நாம் இதனை அளவோடுதான் போற்ற இயலும்.

அந்நூல் 'இனம்' என்ற சொல்லை நீக்கி, நம் உயிரியல் பாடநூல்களில் 'சிற்றினம்' எனப்படும் சொல்லை ஏற்றது. இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை ஒன்றை நடத்திய பீட்டர் ஹேஸ்டிங்ஸ் என்பவர் எழுப்பிய வினாக்களுக்கு 1954இல் டோல்கீன் ஒரு மறுமொழி வரைந்தார், அனுப்பாமலே வைத்துவிட்டார். எல்ஃபும் மனிதரும் கூடிப் பிறந்த மக்கள் தாமும் மக்களைப் பெறுவதால், உடலளவில் இரு சாராரும் ஓரினமே என்பது அதில் அவர் கூறும் கருத்து. புதிய சொல் அந்த உறவை அறுக்கிறது. அதே நூலின் பட்டியலில் அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் இடம்பெறவில்லை. சொல்லைத் திருத்தியவர்கள், கலந்து பிறந்த பிள்ளைக்கு இருந்த ஓரிடத்தையும் எடுத்துவிட்டார்கள்.

அன்று மண்டபத்தில் இருந்த சிறுவன் ஒருவனின் தாய் அவிநாசிப் பக்கம்; தந்தை ஒடிசாவிலிருந்து தையல் வேலைக்கு வந்தவர். அவன் கேட்டது அரை எல்ஃபைத்தான். புதிய நூலைப் புரட்டிவிட்டு விழித்தான். கதை நடத்திய இளைஞர், பழைய நூலிலிருந்து எடுத்துக்கொள்ளத் தடையில்லை என்றார். தாளில் அவ்வாறே எழுதினான். பாத்திரத்திற்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரை வைப்பதா, தந்தைவழிப் பாட்டனார் பெயரை வைப்பதா என்பதிலேயே அடுத்த அரைமணி நேரம் கழிந்தது.