பலே போடும் இடம்

கச்சேரியின் முன்வரிசையில் சிலரைப் பார்க்கலாம். பாகவதர் வாயைத் திறந்ததும் தலையாட்டத் தொடங்கினால் மங்களம் வரை ஓயமாட்டார்கள். பக்கத்திலேயே ஒரு கிழவர் அரை மணி நேரம் கல்லாக உட்கார்ந்திருப்பார். ஆலாபனையில் காந்தாரம் நின்று பேசிய ஒரே இடத்தில் 'பலே' என்பார். மேடையில் இருப்பவருக்கு அந்த ஒரு பலே போதும். வயலின் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். எதை வாசித்தாலும் 'சூப்பர்டா கண்ணா' என்று அடுக்களையிலிருந்து வரும் குரலை அது இரண்டாவது வாரமே காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திவிடும்.

குழந்தையின் வயலினை ரசிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் கேட்பவருக்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீணையிலாவது மெட்டு இருக்கிறது. விரல் எங்கே போக வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. வயலினில் அதுவும் கிடையாது. போதாததற்கு வலது கையில் வில். அழுத்தி மெதுவாக இழுத்தால் கரகரக்கும், அழுத்தம் இல்லாமல் வேகமாக இழுத்தால் சீட்டியடிக்கும். புது வில்லுக்கு ரோசின் தடவாவிட்டால் சத்தமே வராது. கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று பதறும் பெற்றோரும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஒரு பொடிசு சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, மறுமுனையை இடது மார்பில் சாய்த்துக்கொண்டு, வில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி ஒரு 'ஸ' இழுக்கிறது. நடுங்காமல் ஒரு வில் முழுக்க வந்துவிட்டால், அது மெச்ச வேண்டிய இடம்.

வாத்தியத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்று பிள்ளைகளுக்கென்றே வயலின்கள் கிடைக்கின்றன. நாம் பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்து மடித்துவிடுவது போல, 'வளர்ற பிள்ளைதானே' என்று முக்கால் அளவை வாங்கிவிடுகிறோம். விரல் எட்டாது, தோள் வலிக்கும், அபஸ்வரமாகவே விழும். ஆறு மாதத்தில் 'அவனுக்கு இதில் நாட்டமில்லை' என்று தீர்ப்பு வந்துவிடும்.

முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தியதாக மரபு சொல்கிறது. வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்ததோ அவருக்கு வெகு காலம் பின்னால்தான். ஆனாலும் அந்த ராகம் வயலினுக்கென்றே அளவெடுத்ததாக அமைந்துவிட்டது. நம் முறையில் நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். இரண்டாம் தந்தியை விரல் வைக்காமல் இழுத்தால் மத்திய ஸ்தாயி ஸ. கிட்டத்திலேயே முதல் விரலில் ரி. நன்றாகத் தள்ளி இரண்டாம் விரலில் க. அதை ஒட்டி மூன்றாம் விரலில் ம. அடுத்த தந்திக்குப் போனால் ப-த-நி-ஸ. அதே இடைவெளி, அதே விரல்கள். பாதியைப் பழகினால் மறுபாதி இனாம்.

அந்த மேல் ஸ்தாயி ஸ-வில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மூன்றாம் விரல் சரியான இடத்தில் விழுந்தால், யாரும் தொடாத பக்கத்து ஸ தந்தி தானாக அதிரும். உற்றுப் பார்த்தால் தந்தி லேசாகப் பருத்துத் தெரியும். மயிரிழை தப்பினால் அது பேசாமல் கிடக்கும். மயிலாப்பூரில் ஒரு வகுப்பில் இதைப் பார்த்தேன். அரை வயலின் வைத்திருந்த சிறுமிக்கு ஸ மேலே ஏறவே இல்லை. ஆசிரியை 'தப்பு' என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"பக்கத்துத் தந்தி உன்னோட பேசறதான்னு பாரு."

சிறுமி விரலை நகர்த்தினாள். குனிந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"பேசறது மாமி!"

"ம்... அங்கேயே இரு."

அந்த 'ம்' தான் நான் சொல்ல வந்த பலே. அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் கெட்டிருக்கும்.

விரலுக்கு முன்னால் வாய் போக வேண்டும் என்பதும் பழைய பாடம்: "பாடிட்டு வாசி." மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இதற்குப் பெரிய சாட்சி. 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் தேடி எடுப்பான். கையைப் பிடித்து விரல் வைத்துக் காட்ட ஆளில்லாததால் காது முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. அந்த மாதிரிப் பிள்ளை அபூர்வம்தான். ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்து சரளி வரிசையைச் சுமாராகப் பாட எந்த வீட்டிலும் ஒரு பாட்டியோ சித்தப்பாவோ அகப்படுவார்.

ஜப்பானில் ஷினிச்சி ஸுஸுகி இன்னும் ஒரு படி போனார். தாய்மொழியைக் குழந்தை எப்படிப் பழகுகிறதோ அப்படியே வயலினையும் பழகலாம் என்றவர். 1946 முதல் மட்சுமோட்டோ நகரில் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர் முறையில் முதலில் அம்மா ஒரு பாட்டு வாசிக்கக் கற்பார். அதைப் பார்த்துப் பார்த்து 'எனக்கும் வேணும்' என்று பிள்ளை கேட்ட பிறகுதான் அதன் கையில் வயலின். நம் வீடுகளில் விஜயதசமியன்று வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து வாத்தியார் பாடு என்று விட்டுவிடுகிறோம். நல்ல நாளில் குறையில்லை, மறுநாளில்தான் குறை.

நவராத்திரியில் கொலு பார்க்கப் போகும் இடத்தில் பிள்ளையை வயலினோடு உட்கார வைப்பார்கள். வீட்டுக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம்: முதலில் தந்திகளைச் சுருதி கூட்டிக் கொடுங்கள். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகும் பலம் அந்த விரல்களுக்கு இல்லை. கலைந்த சுருதியில் சரியான விரலும் அபஸ்வரம்தான். வாசிக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வந்திருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கீதம் முடியும்வரை கையிலுள்ள செல்போனையும் சுண்டலையும் கீழே வையுங்கள்.