முரட்டுத் துணியும் நம் திறனாய்வும்

குடுமியான்மலைப் பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டப்பெற்ற இசைக் கல்வெட்டு, ஆயிரமாண்டுகளுக்கு மேலாகியும் படிக்கக் கிடைக்கிறது. அவ்விசையைப் பயின்றோர் அமர்ந்த விரிப்பில் ஓர் இழையேனும் எஞ்சவில்லை. கல் நிற்கும், துணி மட்கும். ஆதலின் முரட்டுத் துணியின் வரலாற்றை ஏடுகளிலும் சொற்களிலுமே பெரிதும் தேட வேண்டியுள்ளது. அங்ஙனம் தேடும் நம் கட்டுரையாளர்கள் ஒரே சொல்லில் நின்றுவிடுவதே குறை.

அச்சொல் 'ஸூஃப்'. கம்பளி எனப் பொருள்படும் இதிலிருந்தே 'ஸூஃபி' பிறந்தது என்றுரைத்து, முரட்டாடையை எளிமையின் சின்னமாகப் போற்றி முடித்துவிடுகின்றனர். ஹிஜ்ரி 465இல் மறைந்த இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தமது 'ரிஸாலா'வில் இச்சொற்பிறப்பை ஆராய்கிறார்கள். இலக்கண அளவில் அதற்கு இடமுண்டு என ஒப்புகிறார்கள். ஆயினும் அக்கூட்டத்தார் கம்பளி உடுத்துவதைத் தனி அடையாளமாகக் கொண்டவரல்லர் என்று உடனே வரம்பிடுகிறார்கள். ஆடையைக் கொண்டு அகத்தை அளத்தல் ஆகாது என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது.

இதனினும் நுட்பமான பாடம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அணிந்திருந்த ஆடைகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்: தடித்த கீழாடை ஒன்று, கனத்த போர்வை ஒன்று. அக்கீழாடை யமனில் செய்யப்படும் வகை என்பதையும் அறிவிப்பு விடாது பதிவு செய்கிறது. துணியின் முரட்டுத்தன்மையோடு அது உருவான ஊரும் நினைவில் நிறுத்தப்பட்டுள்ளது. நம் கட்டுரைகள் தவறவிடுவது இந்த இரண்டாவது செய்தியையே.

நம் நாட்டில் அதற்கு நேரான சான்று பவானி ஜமக்காளம். தடித்த பருத்தி நூலில், வண்ணப் பட்டைகளோடு கைத்தறியில் நெய்யப்படும் அவ்விரிப்பு ஊர்ப்பெயரையே தன் பெயரில் தாங்கியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. எனினும் விசைத்தறிப் போலிகள் அதே பெயரில் விலைபோகின்றன. நெசவாளரின் கூலி தேய்கிறது.

பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜமக்காளமும் கோரைப்பாயும் இருந்த இடத்தை இன்று ஆலைக் கம்பளங்கள் பிடித்துக்கொண்டன. எளிமையைப் புகழும் எழுத்து, எளிய துணியை நெய்தவரை மறக்குமாயின் அது வெறும் அலங்காரமே. எங்கே, எவர் நெய்தார் என்னும் வினாவிலிருந்தே நம் திறனாய்வு தொடங்கட்டும்.