அற்பவிசுவாசமும் இறைப்பராமரிப்பும்: இரு தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் சொல்லாட்சி குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

குறையுள்ள நம்பிக்கையினர்க்கும் இறைவனின் பராமரிப்பு உண்டா என்னும் வினா கிறித்தவ இறையியலில் தொன்மையானது. நற்செய்தி நூல்களில் இவ்வினாவைத் தாங்கிநிற்கும் சில கிரேக்கச் சொற்கள் தமிழில் பெயர்க்கப்பட்ட முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பான பரிசுத்த வேதாகமமும், 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் ஒப்பிடப்படுகின்றன. மூலத்தில் பராமரிப்புக்குரியோரைச் சுட்டும் சொல், தமிழில் இழிவுப் பொருளையும் தகுதியின்மைப் பொருளையும் ஏற்றுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அற்பவிசுவாசம், நம்பிக்கை, இறைப்பராமரிப்பு, மொழிபெயர்ப்பு, மத்தேயு, மாற்கு.

முன்னுரை

தமிழ்நாட்டில் கிறித்தவ வழிபாட்டு மொழி பெரும்பாலும் விவிலிய மொழிபெயர்ப்பின் வழியே உருவானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது முதல், ஒவ்வொரு திருத்தமும் அன்றாடச் செபத்திலும் மறையுரையிலும் ஆறுதல் மொழியிலும் சொற்களை விதைத்து வந்துள்ளது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல் நூலோடு நின்றுவிடுவதில்லை. நோயுற்ற பிள்ளையின் பெற்றோரிடம், 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்று கூறப்படும்போது, அக்கூற்றின் பின்னே ஒரு சொல்லின் வரலாறும் நிற்கிறது. அவ்வரலாற்றை ஆராய்வது இறையியலார்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரிய பணியாகும்.

மூலச்சொல்லும் அதன் இடமும்

'ஒலிகோபிஸ்தொஸ்' என்னும் கிரேக்கப் பெயரடை மத்தேயுவில் நான்கு இடங்களிலும் (6:30, 8:26, 14:31, 16:8) லூக்காவில் ஓரிடத்திலும் (12:28) வருகிறது. 'ஒலிகொஸ்' என்பது சிறிது அல்லது சில என அளவை உணர்த்தும் சொல். 'பிஸ்திஸ்' என்பது நம்பிக்கை. இவ்வைந்து இடங்களிலும் இச்சொல் இயேசுவின் சீடரை நோக்கியே கூறப்படுகிறது என்பது முதன்மையாக நோக்கத்தக்கது. அவரை ஏற்க மறுத்த நாசரேத்து ஊராரைக் குறிக்க மத்தேயு (13:58) 'அபிஸ்தியா', அதாவது நம்பிக்கையின்மை, என்னும் வேறு சொல்லைக் கையாள்கிறார். எனவே சிறுநம்பிக்கை என்பது நம்பிக்கையின்மையின் மற்றொரு பெயரன்று. அது உறவுக்குள் இருப்போரின் நிலை.

இச்சொல் வரும் சூழல்களும் இதையே உறுதிசெய்கின்றன. காட்டுப்புல்லை உடுத்துபவர் உங்களை உடுத்தாமல் விடுவாரோ என்னும் வாதத்தின் முடிவில் (6:30) அது வருகிறது. அங்குப் பராமரிப்பு மறுக்கப்படவில்லை, வலியுறுத்தப்படுகிறது. புயல் நிகழ்ச்சியில் (8:26) கடிந்துரைக்குப் பின் கடல் அடங்குகிறது. நம்பிக்கை வளர்ந்ததா என்று சோதிக்கும் இடைவேளை இல்லை. பேதுரு மூழ்கும் நிகழ்ச்சியில் (14:31) வரிசையே மாறுகிறது: முதலில் கை நீள்கிறது, அவரைப் பிடிக்கிறது; அதன் பின்னரே கடிந்துரை எழுகிறது. பிடித்த கையோடு சொல்லப்படும் சொல்லைத் தள்ளிவிடும் சொல்லாகக் கொள்ள இயலாது.

இங்குப் பேதுருவின் ஐயத்தைக் குறிக்கும் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே உள்ளது. உயிர்த்த இயேசுவைக் கண்டு பணிந்தபோதும் சிலர் ஐயுற்றனர் என்னும் மத்தேயு 28:17 அவ்விடம். உலக முடிவுவரை உடனிருப்பதாகக் கூறும் வாக்குறுதி, ஐயுற்றோரை விலக்காமல் அக்குழுவினர் அனைவர்க்கும் அளிக்கப்படுகிறது.

'அற்பவிசுவாசி': பொருளின் சரிவு

பரிசுத்த வேதாகமம் மேற்கண்ட ஐந்து இடங்களிலும் 'அற்பவிசுவாசி' என்னும் தொடரையே ஒருசீராக ஆள்கிறது. இச்சீர்மை பாராட்டுக்குரியது, தமிழ் வாசகர் இவ்விடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காண அது வழிசெய்கிறது. வடமொழி 'அல்ப' என்பதன் அடிப்படைப் பொருளும் சிறுமையே. 'அற்பாயுள்' என்னும் சொல்லில் இன்றும் அவ்வளவுப் பொருள் நிலைத்துள்ளது. ஆயினும் 'அற்பன்', 'அற்பத்தனம்', 'அற்பப் புத்தி' ஆகிய வழக்குகளில் அச்சொல் இழிவையே குறிக்கிறது. இன்றைய செவிக்கு 'அற்பவிசுவாசி' என்பது சிறிதளவு நம்பிக்கை உடையவரைவிட இழிவான நம்பிக்கை உடையவரையே நினைவூட்டுகிறது.

'விசுவாசம்' என்னும் பகுதியும் இச்சரிவை மிகுவிக்கிறது. 'எஜமான விசுவாசம்', 'நன்றி விசுவாசம்' போன்ற வழக்குகளில் அது உண்மை மாறாமையைக் குறிக்கும். அதனால் விசுவாசக் குறைவு நன்றிகேட்டிற்கு அண்மையதாகிவிடுகிறது. கிரேக்கச் சொல்லிலும் உண்மை மாறாமை என்னும் பொருள்நிழல் உண்டு. எனினும் புயலில் அஞ்சியவர்களையும் உணவுக்குக் கவலையுற்றவர்களையும் நன்றி கெட்டவர் என்பது அந்நற்செய்தியின் கருத்தன்று.

திருவிவிலியம் 'நம்பிக்கை குன்றியவர்' என்று பெயர்க்கிறது. இழிவுப் பொருள் நீங்கியது இதன் சிறப்பு. ஆனால் 'குன்றுதல்' என்பது முன்னர் நிறைவாக இருந்து பின் குறைதலைக் குறிக்கும் வினை. நீர்மேல் நடந்து பின் காற்றைக் கண்டு அஞ்சிய பேதுருவுக்கு அது மிகப் பொருந்தும். மலைப்பொழிவைக் கேட்போர்க்கு அவ்வாறு பொருந்தாது. அவர்கள் நம்பிக்கை முன்னர் நிறைந்திருந்ததாக அங்குக் குறிப்பேதும் இல்லை.

பாடவேறுபாடும் கடுகுவிதையும்

மத்தேயு 17:20இல் சீடர் பேயை ஓட்ட இயலாமைக்குரிய காரணம் கூறப்படுகிறது. பரிசுத்த வேதாகமம் இங்கு 'அவிசுவாசம்' என்றும், திருவிவிலியம் 'நம்பிக்கைக் குறைவு' என்றும் கூறுகின்றன. இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்தால் நேர்ந்ததன்று. மூலப்பாட வேறுபாட்டால் நேர்ந்தது. பிற்காலப் படிகள் பலவற்றில் நம்பிக்கையின்மை என்னும் பாடமும், சினாய், வத்திக்கான் ஆகிய தொன்மையான சுவடிகளில் சிறுநம்பிக்கை என்னும் பாடமும் காணப்படுகின்றன.

தொன்மைப் பாடத்தை ஏற்பின் ஒரு முரண் எழுகிறது. நம்பிக்கை சிறிதாய் இருந்ததால் இயலவில்லை என்ற வாயே, கடுகளவு நம்பிக்கை போதும் என்கிறது. இம்முரணைத் தவிர்க்கவே படியெடுத்தோர் சொல்லை மாற்றியிருக்கலாம். ஆனால் முரணே இங்குக் கருத்தைத் திறக்கும் வாயில். நம்பிக்கையின் ஆற்றல் அதன் அளவில் இல்லை. அது பற்றிநிற்கும் ஒருவரிடம் உள்ளது. அவரைப் பற்றாமல் தன்னையே அளந்துகொண்டிருக்கும் நம்பிக்கை பெரிதாயினும் பயனற்றது. பற்றிக்கொண்டது கடுகாயினும் போதுமானது.

தந்தையின் வேண்டுதல்

மாற்கு 9ஆம் இயலில் நோயுற்ற மகனின் தந்தை இருமுறை உதவி கேட்கிறார். முதன்முறை (9:22) தமக்கும் மகனுக்கும் உதவுமாறு வேண்டுகிறார். இரண்டாம் முறை (9:24) தம் நம்பிக்கையை அறிவித்த அதே மூச்சில், தம் நம்பிக்கையின்மைக்கு உதவுமாறு வேண்டுகிறார். கிரேக்கத்தில் இரண்டிடத்தும் ஒரே வினைச்சொல்லே உள்ளது. மகனின் நோயைப் போலவே தம் நம்பிக்கையின்மையையும் அவர் இயேசுவின் முன் கொணர்கிறார்.

இரு தமிழ் மொழிபெயர்ப்புகளும் இரண்டாம் வேண்டுதலில், மூலத்தில் இல்லாத 'நீங்குதல்' என்னும் கருத்தைச் சேர்க்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. 'அவிசுவாசத்திற்கு உதவும்' என்று நேர்படப் பெயர்த்தால், அதனை வளர்க்கத் துணைசெய்யும் என்று தமிழில் பொருள்படும். ஆயினும் இச்சேர்க்கையால், முதலில் குறை நீங்க வேண்டும், பின்னரே உதவி வரும் என்று வாசிக்க இடமேற்படுகிறது. கதையோட்டமோ வேறு. நம்பிக்கையின்மை நீங்கிற்று என்று மாற்கு எங்கும் கூறவில்லை. கூட்டம் திரள்வதைக் கண்ட இயேசு சிறுவனை உடனே நலமாக்குகிறார். 'நம்பிக்கையின்மையோடு நிற்கும் எனக்கு உதவும்' என்னும் பொருள்பட அமைக்கின், இலக்கணமும் கதையும் ஒருங்கே காக்கப்படும்.

மறுப்பும் அதன் எல்லையும்

ஐயுறுகிறவன் ஆண்டவரிடமிருந்து எதையும் பெறலாமென எண்ணவேண்டா என்னும் கருத்து யாக்கோபு 1:6-8இல் உள்ளதே என்று மறுக்கலாம். அப்பகுதியை எளிதில் கடந்துவிட இயலாது. ஆனால் அது சுட்டுவது இருமனத்தோனை, அதாவது இருபக்கமும் சாய்ந்து எதிலும் நிலைகொள்ளாதவனை. மாற்கின் தந்தையோ தம் பிளவை ஒளிக்காமல் ஒருவரிடமே கொண்டு வருகிறார். நாசரேத்திலும் நம்பிக்கையின்மை செயலுக்குத் தடையானது என்பது உண்மையே. எனினும் அங்கும் நோயாளர் சிலர் நலம்பெற்றனர் என்று மாற்கு 6:5 பதிவுசெய்கிறது.

இவ்வேறுபாட்டை ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயண உருவகத்தில் தெளிவாகக் காணலாம். அதில் சிறுநம்பிக்கை எனப் பெயரிய பயணி வழியில் கொள்ளையிடப்படுகிறான். செலவுப் பணத்தின் பெரும்பகுதி பறிபோகிறது, அணிகலன்களோ தப்புகின்றன. அவை தப்பியது அவன் திறமையாலன்று, இறைப்பராமரிப்பால் என்பதே ஆசிரியர் கருத்து. எஞ்சிய வழியை அவன் இரந்துண்டே கடக்கிறான். நம்பிக்கை சிறுத்தால் ஆறுதல் குறையும், காப்பு குறையாது. இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தைப் படைத்தார் என்பதால், இக்கருத்து தமிழ்க் காப்பிய மரபில் பெற்ற வடிவம் தனி ஆய்வுக்குரியது.

முடிவுரை

மத்தேயு ஆளும் சொல், பராமரிப்புக்குள் இருப்போரின் நம்பிக்கை அளவைக் குறிக்கிறது. அவர்களை வெளியேற்றும் தீர்ப்பாக அது அமையவில்லை. 'அற்பவிசுவாசி' என்பது அச்சொல்லுக்கு இழிவையும், 'நம்பிக்கை குன்றியவர்' என்பது வீழ்ச்சியையும் சேர்க்கின்றன. இவற்றினும் 'சிறுநம்பிக்கையர்' என்னும் ஆக்கம் மூலத்திற்கு நெருக்கமானது. கடுகுவிதையின் சிறுமையோடும் அது இயைகிறது. மாற்கு 9:24இல் சேர்க்கப்பட்ட 'நீங்குதல்' மறுபரிசீலனைக்குரியது. துயருற்றோரிடம் விசுவாசத்தின் அளவைக் கேட்கும் வழக்கத்திற்கு இவ்விடங்களைச் சான்றாகக் காட்டுவது மூலத்தின் துணையின்றிச் செய்யப்படுவதாகும்.