காலும் தாடையும் போதாத காடு

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி என்று போகும் சாலையின் இரு பக்கமும் குன்றுகள்தான். வடக்கே குடியாத்தம், பேரணாம்பட்டு தாண்டி ஆந்திர எல்லைக் காடு; தெற்கே ஜவ்வாது மலையும் ஏலகிரியும். அடிவாரம் முழுக்க உசில், காரை, சூரை, உண்ணிச்செடி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் முட்காடு. ஆற்றுப்படுகையையும் ஏரி உள்வாயையும் வேலிகாத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்குள் பத்தடி தள்ளி நிற்கும் காட்டுப்பன்றி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நாயின் கண்ணுக்கும் தெரியாது. இந்த மண்ணுக்கு எந்த நாய் என்று கேட்டால் வரும் பதில்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. கொஞ்சம் விசாரித்தவர்கள் கோம்பை என்பார்கள். இப்போது இவற்றோடு கிரேஹவுண்ட், கிரேட் டேன், டாபர்மேன், பிட்புல் என்று எதையாவது சேர்த்த ‘கிராஸ்’ குட்டிகளுக்கும் மவுசு வந்திருக்கிறது. கலப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எதைத் தேடிக் கலக்கிறோம் என்பதில்தான் கோளாறு. அடர்ந்த புதரில் வேலை பார்ப்பவை மூக்கு, காது, குரல். நாம் கூட்டிக்கொண்டே போவதோ கால் நீளத்தையும் தாடை பலத்தையும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் தெற்கத்திக் கரிசல் வெளியில் உருவானவை. அறுப்பு முடிந்த காட்டில் முயல் கிளம்பினால் அரை மைலுக்குப் பார்வை மறையாது. பார்த்துக்கொண்டே ஓடிப் பிடிக்கும் நாய்தான் அங்கே வேண்டும். ஒடுங்கிய தலை, ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, தோலோடு தோலாகப் படிந்த மயிர் என்று அதன் உடம்பில் உள்ள ஒவ்வொன்றும் அந்தத் திறந்த வெளிக்காகவே அமைந்தது. அதே நாயைச் சூரைப் புதரை நோக்கி அவிழ்த்துவிட்டால் முதல் மடிப்பிலேயே முயல் மறைந்துவிடும். தடத்தை முகர்ந்து தொடர்வதைவிடத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்ப்பதே அதன் சுபாவம். நிற்காமல் உள்ளே பாய்ந்தாலோ வேகமே அதற்கு எதிரி. சூரை முள் கொக்கிபோல் வளைந்தது. நேராகக் குத்தாமல் இழுத்துக் கிழிக்கும். மெல்லிய மார்புத் தோலும் காது ஓரமும் முதலில் போகும். வேலிகாத்தான் முள் பாதத்தின் மெத்தையில் ஏறி முனை உள்ளேயே ஒடிந்தால் சீழ் கட்டும். ஊசிப்புல் விதை விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் புகுந்து முன்னோக்கி மட்டுமே நகரும். உண்ணிக் காய்ச்சல் தனிக் கதை. ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் தோலைத் தரம் பிரிப்பவர் மேல்பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முள் கீறல், இது உண்ணி கடித்த வடு என்று விரலால் தொட்டுச் சொல்லி மதிப்பைக் குறைப்பார். ஆட்டுத்தோலைப் பார்க்கிற இந்தக் கண்ணோடு நாயின் தோலைப் பார்க்கிறவர் இதே ஊரிலேயே குறைவு.

ராஜபாளையம் வேறு ரகம். தோளில் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், நல்ல எலும்பு, பன்றிக்கு எதிரே நிற்கும் துணிச்சல். அதன் பெருமையான பால் வெள்ளை நிறத்தில்தான் சிக்கல் இருக்கிறது. நிறமியை உண்டாக்கும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். டால்மேஷியனில் நன்கு ஆராயப்பட்ட இந்தக் குறை ராஜபாளையத்திலும் தெரிந்த விஷயம். இரண்டு காதும் கேட்காத குட்டியை வளர்ப்பவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். ஒரு காது மட்டும் கேட்காத நாய் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடும். கூப்பிட்டால் வரும், மணி அடித்தால் திரும்பும். ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணிக்க இரண்டு காதும் வேண்டும். வீட்டு முற்றத்தில் இந்தக் குறை ஒன்றும் செய்யாது. இருட்டில், புதருக்கு நடுவே, பன்றி எந்தப் பக்கம் உறுமியது என்று அறிய வேண்டிய நாய்க்கு இது பாதி குருட்டுத்தனம். வெள்ளைக்கு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்குக்கு இளஞ்சிவப்பு மூக்கு என்று சேர்த்துக்கொண்டே போகும் வளர்ப்புமுறை இந்தக் குறையையும் சேர்த்தே வளர்க்கிறது.

அப்படியானால் கோம்பை மறவர் காலத்து நாய் என்கிறார்களே, அது தாடையால்தானே பேர் வாங்கியது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேனி மாவட்டத்துக் கோம்பை, நெட்டைக்கால் நாய்களோடு வைத்துப் பார்த்தால் கட்டுக்குட்டு. கபில நிறம், கறுத்த முகவாய், மலையடிவாரப் பிறப்பு. ஆனால் பழைய பன்றி வேட்டை ஒற்றை நாயின் மல்யுத்தமாக நடந்ததில்லை. ஆட்கள் வளைத்து நிற்பார்கள், வலை இருக்கும், ஈட்டி இருக்கும். நாய்கள் கூட்டமாகச் சுற்றி நின்று குரைத்துப் பன்றியை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பன்றி வேட்டைக்காரர்கள் இன்றும் இந்த இரண்டு வேலையையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: நிறுத்திக் குரைக்கும் நாய் ஒரு வகை, பாய்ந்து கவ்வும் நாய் மற்றொரு வகை. கவ்வும் நாய்க்குக் கழுத்தையும் மார்பையும் மூடும் கவசம் மாட்டித்தான் விடுகிறார்கள். கவசமில்லாமல் கிழக்கடாப் பன்றியின் கோரைப்பல்லுக்கு முன் நின்றால் குடல் சரிய எத்தனை நேரம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கோம்பையின் கடியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நின்ற ஆட்களையும் மற்ற நாய்களின் குரலையும் மறந்துவிட்டுத்தான் இன்றைய ‘பிடி நாய்’ மோகம் கோம்பையோடு பிட்புல்லைச் சேர்க்கிறது.

கலப்பின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து வளர்த்த இரண்டு வம்சங்களைக் கலந்தால் முதல் ஈத்துக் குட்டிகள் பெரும்பாலும் தெம்பாக, நோய் தாங்குவனவாக வரும். ஒளிந்து கிடந்த குறைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் லர்ச்சர் என்ற நாயை இப்படித்தான் உண்டாக்கினார்கள். கிரேஹவுண்டின் வேகத்தோடு ஆடு மேய்க்கும் கோலியின் புத்தியையோ டெரியரின் முரட்டு மயிரையோ சேர்த்தார்கள். வேகம் ஏற்கெனவே இருந்தது. இல்லாததைத்தான் தேடிச் சேர்த்தார்கள். நம் ஊரில் சிப்பிப்பாறையோடு கிரேஹவுண்டைச் சேர்ப்பது இதற்கு நேர் எதிர்: கண்ணால் ஓடும் நாயோடு கண்ணால் ஓடும் இன்னொரு நாய், மெல்லிய தோலோடு மெல்லிய தோல். ராஜபாளையத்தோடு கிரேட் டேனைச் சேர்ப்பதும் அதே கணக்கு. உயரம் கூடும், எடை கூடும், அதோடு வெப்பத்தை வெளியேற்றும் சிரமமும் கூடும். வேலூர் வெயிலில் அக்னி நட்சத்திரத்தின்போது ஐம்பது கிலோ நாய் நூறு அடி ஓடி நாக்கைத் தொங்கவிட்டு நிற்பதை வீரம் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் ஈத்து நன்றாக வந்ததைப் பார்த்து அதிலேயே ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது அடுத்த தவறு. இரண்டாம் தலைமுறையில் எல்லாம் சிதறும். ஒரே ஈத்தில் ஒன்று தாத்தனைப் போல, ஒன்று பாட்டியைப் போல, ஒன்று எதைப் போலவும் இல்லாமல் வரும். அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி நிலைப்படுத்தப் பல தலைமுறையும் ஒழுங்கான பதிவேடும் தேவை. அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் அன்டோனியோ நோரெஸ் மார்டினெஸ் 1920களில் பன்றி வேட்டைக்கென்றே ஒரு கலப்பைத் தொடங்கினார். சண்டை நாயில் கிரேட் டேனையும் இன்னும் பல இனங்களையும் சேர்த்தார், மோப்பத்துக்காகப் பாயிண்டரையும் சேர்த்தார். டோகோ அர்ஜென்டினோ என்ற அந்த நாயை உலக நாய்க் கூட்டமைப்பு அங்கீகரித்தது 1973இல். அதற்குள் அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு உழைப்புக்குப் பிறகும் வெள்ளை நிறத்தோடு வரும் செவிட்டுத்தனம் அந்த இனத்தை விட்டுப் போகவில்லை. இங்கே குட்டி விற்பவர் கைபேசியில் வைத்திருக்கும் தாய் தகப்பன் படம் இரண்டு, பெரும்பாலும் அதுதான் பதிவேடு.

கலப்பே நாட்டு இனத்துக்கு எமன், ‘ஒரிஜினல் லைன்’ காப்பாற்றப்பட வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இதில் பாதி உண்மை. ராஜபாளையத்துக்கு 2005இல் அஞ்சல்தலை வந்தது; 2020இல் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார்; கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. கிரேஹவுண்ட் ரத்தம் கண்டபடி கலந்தால் இவையெல்லாம் வெறும் பெயராகிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இனத் தூய்மை என்று பேசுகிறவர்கள் பார்ப்பது நிறம், உயரம், வால் வளைவு. இந்த அளவுகோலில் மூக்குக்கு மதிப்பெண் இல்லை, காதுக்குச் சோதனை இல்லை. உருவம் பிழைத்து வேலை செத்துப்போன இனத்தைக் காப்பாற்றியதாகச் சொல்வதற்கு அருங்காட்சியகம் போதும். இதற்கு நடுவே, எந்தப் பட்டியலிலும் இல்லாத நம் ஊர் நாட்டு நாயைக் கொஞ்சம் பாருங்கள். 15, 20 கிலோ எடை, கெட்டியான தோல், உண்ணியிலும் வெயிலிலும் பிழைத்த வம்சம், அந்நியச் சத்தம் கேட்டால் தாமதிக்காத குரல். குறைகளும் உண்டு: ஒன்று துணியும், ஒன்று பதுங்கும், கட்டுப்பாடு கிடையாது, ஊர் சுற்றும். கோம்பை போன்ற அடிவார நாய்க்கும் நல்ல குரலுள்ள நாட்டு நாய்க்கும் பிறக்கும் குட்டியில் இந்த முட்காட்டுக்கு வேண்டியதில் பெரும்பங்கு கிடைக்கும். அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை, விலை போகாது என்பதால்.

வேட்டையே குற்றமான பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. பொறி வைப்பது, நாயை விட்டுத் துரத்துவது, விரட்டி ஓட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே அதன் கணக்கில் வேட்டைதான். முயல் பிடிக்கப் போவதற்கும் இதுவே பதில். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் இறங்கி வந்தபோதும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்றதே தவிர, விவசாயி நாயை ஏவலாம் என்று சொல்லவில்லை. ஆகவே அடிவாரத்து வேர்க்கடலைக் கொல்லைக்காரருக்கு நாயால் ஆகக்கூடிய வேலை ஒன்றுதான் மிச்சம்: வரப்புக்குள் நின்று, காற்றில் வாடை பட்டதும் குரல் கொடுத்து, கூட்டம் உள்ளே இறங்குமுன் ஆளை எழுப்புவது. இந்த வேலைக்குத் தாடை வேண்டாம் என்பதோடு, தாடை தொந்தரவும்கூட. கோடையில் தண்ணீர் தேடி ஊர்ப் பக்கம் இறங்கும் புள்ளிமானை நாய்கள் கடித்துக் கொன்றதாகச் செய்தி வராத ஆண்டு இந்தப் பகுதியில் இல்லை. துரத்தும் வெறியை மட்டும் பெருக்கி, நிறுத்தும் பழக்கத்தைக் கற்றுத்தராமல் கலந்த குட்டி அந்தக் கும்பலுக்குத் தலைமை தாங்கும். வரப்பைத் தாண்டி ஓடும் நாய்க்கு அங்கே சிறுத்தை காத்திருக்கலாம், பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் கிடக்கலாம். இரையில் பொதிந்த அந்த வெடிக்கு முதலில் வாய் வைப்பது பல நேரம் நாய்தான்.

வெறும் குரைப்புக்குப் பன்றி அசையாது என்று கொல்லைக்காரர்கள் சொல்வதும் முழுப் பொய் இல்லை. பழகிப்போன ஒற்றைக் கடா ஒரு நாயின் சத்தத்தைச் சட்டை செய்யாது. விளக்கும் வேலியும் ஆளும் சேர்ந்தால்தான் நகரும். அந்தக் கடாவிடம் கவ்வும் நாயை அனுப்பினால் மட்டும் என்ன நடக்கும்? விடியும்போது நாயும் இருக்காது, வேர்க்கடலையும் இருக்காது. குட்டிகளோடு வரும் கூட்டம் அப்படியில்லை. இரண்டு மூன்று நாய்கள் வெவ்வேறு பக்கமிருந்து விடாமல் குரைத்தால் தாய்ப் பன்றிகள் குட்டிகளைத் திருப்பிக்கொண்டு போகும். எனவே ஒரு பெரிய நாய்க்குக் கொடுக்கிற விலையில் மூன்று நடுத்தர நாய்களை வளர்ப்பது இந்த நிலத்துக்குப் பொருந்தும்.

குட்டி வாங்கப் போகிறவர் தகப்பனின் உயரத்தைக் கேட்பதற்குப் பதில் தாயை இரவில் பார்க்க வேண்டும்: எதற்குக் குரைக்கிறது, எவ்வளவு நேரம் குரைக்கிறது, கூப்பிட்டால் நிறுத்துகிறதா. குட்டி தூங்கும்போது அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக மெல்லச் சொடுக்கிப் பார்க்கலாம். விழித்துத் தப்பான பக்கம் திரும்பும் குட்டியை, எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், விட்டுவிடுவது நல்லது. நாய் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியைக் கொடுக்கவே கூடாது. அதற்கு முன்பே தள்ளிவிடப் பார்க்கிறவரிடம் பாட்டன் முப்பாட்டன் கதை எவ்வளவு இருந்தாலும் அந்த ஈத்தைப் பற்றி அவருக்கே ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.