தொண்டூழியக் கட்டுரையில் அவர் எங்கே?

தேர்வுக் கட்டுரையில் தொண்டூழியம் என்றாலே ஒரே கதைதான்: சக்கர நாற்காலியில் ஒருவர், கண்கலங்கும் மாணவன், கடைசியில் மனநெகிழ்ச்சி. அவர் யார், என்ன பேசினார்? ஒன்றுமே இல்லை. மொழி சரிதான், ஆனா ஆளைக் காணோம்.

சிங்கப்பூரில் 1997இல் தொடங்கிய சமூக ஈடுபாட்டுத் திட்டம் மணிக்கணக்கைப் பார்த்தது. 2012இல் அதற்குப் பதிலாக வந்த வி.ஐ.ஏ. திட்டம், மாணவர் என்ன கற்றார் என்று கேட்கிறது. நம் கட்டுரைகள்தான் இன்னும் மாறவில்லை.

மாணவர்களே, 'பாவம்' என்ற சொல்லே இல்லாமல் எழுதிப் பாருங்க. பார்வையற்றவருக்கு வழிகாட்டும்போது நாம் அவர் கையைப் பிடித்து இழுப்பதில்லை. அவர்தான் நம் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இப்படி ஒரு வரி, பத்து நெகிழ்ச்சிக்குச் சமம்.

ஆசிரியர்களே, திருத்தும்போது ஓரத்தில் எழுதுங்க: "அவர் என்ன சொன்னார்?"