திறவாய்: திருவெம்பாவையில் ஏவலும் எதிர்மறையும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையை அடுத்து, மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. திருவெம்பாவை பாடப்பெற்ற இடம் அதுவே என்பது மரபு. அந்நூலின் இருபது பாடல்களும் பெரும்பாலும் முன்னிலைப் பேச்சாகவே அமைந்தவை. எனினும் அவற்றின் வினைமுற்றுகளுள் எது ஏவல், எது எதிர்மறை என்பது உரைகளில் போதிய அளவு ஆராயப்படவில்லை.

'ஆய்' விகுதி முன்னிலை ஒருமை ஏவலுக்கும் வரும். எதிர்மறை முற்றுக்கும் வரும். எதிர்மறையில் ஆகார இடைநிலை புணர்ந்து கெட்டது என்பர் மரபிலக்கணத்தார். பகுதியோடு விகுதி நேரே சேர்வதே எதிர்மறை என்றார் கால்டுவெல். எவ்வாறு கொள்ளினும் வடிவம் ஒன்றே. கட்டலான் மொழியில் 'பாடு' என்பதற்குக் 'காந்தா'; 'பாடாதே' என்பதற்கு 'நோ காந்திஸ்'. அங்கு மறைச்சொல்லும் வினைவடிவும் சேர்ந்து வேறுபடுவதால் மயக்கத்திற்கு இடமில்லை. தமிழிலோ சூழலே துணை.

மூன்றாம், ஐந்தாம் பாடல்களில் 'கடைதிறவாய்' ஏவல் என்பதில் ஐயமில்லை. ஐந்தாம் பாடலிலேயே 'உணராய்' அடுக்கி வந்து, ஓலமிட்டும் உணரவில்லை என எதிர்மறைப் பொருள் தருகிறது. ஆறாம் பாடலில்தான் சிக்கல். அங்குள்ள 'பகராய்' வினாவை அடுத்து நிற்பதால் ஏவலாகும். ஆனால் 'வாய்திறவாய்', 'உருகாய்' என்பவற்றையும் ஏவலாகக் கொள்ள இலக்கணம் தடை சொல்லாது. அவற்றை எதிர்மறையாகக் கொள்வதே பொருந்தும். கதவைத் திறக்கச் சொல்லலாம், ஊனை உருகச் சொல்வது எங்ஙனம்? ஆகவே 'திறவாய்' என்னும் ஒரே சொல், மூன்று பாடல் இடைவெளியில் வேண்டுகோளாகவும் குறைகூறலாகவும் நிற்கிறது. சொற்பிரிப்புப் பதிப்புகள் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. வகுப்பறையில் இரண்டும் 'முன்னிலை ஒருமை வினைமுற்று' என்றே கடந்துபோகின்றன.

'ஆடேலோர்' என்பதிலும் இத்தகைய மயக்கம் எழலாம். 'ஆடேல்' என்று பிரித்தால் ஆத்திசூடியின் 'ஏல்' விகுதி விலக்காகிவிடும். ஆயின் முதற்பாடல் 'பரிசேலோர்' எனப் பெயரோடு முடிகிறது. எனவே 'ஏலோர்' வினையைச் சார்ந்த உறுப்பன்று. 'ஆடு' என்பதே ஏவல். நான்காம் பாடலின் 'துயிலேலோர்' மட்டும் சற்றே வழுக்கும். 'எண்ணிக்கை குறைந்தால்' என்ற நிபந்தனை முன்னே இருப்பதால் அங்கும் 'துயில்' என்பதே கொள்ளத்தக்கது. துயிலாதே என்பது அதன் உட்குறிப்பு. விலக்குவதற்கு அதே பாடல் 'போக்காதே' என்னும் வேறு வடிவத்தை ஆள்வதும் காண்க.

பத்தொன்பதாம் பாடலில் நிலைமை மாறுகிறது. இறைவனிடமே 'கேள்' என்று விகுதியற்ற ஏவல். அதன்பின் 'சேரற்க', 'செய்யற்க', 'காணற்க' என்னும் எதிர்மறை வியங்கோள்கள். தோழியை எழுப்பும் விளையாட்டில் இருபொருள் வடிவம் போதுமானதாக இருந்தது. தம் உடலுறுப்புகளை முன்வைத்து நோன்புறுதி கூறும்போது, வேறு பொருள் கொள்ளவே இயலாத வடிவத்தை அம்மகளிர் தேர்கின்றனர்.