வேட்டை நாயின் சாவும் துக்கம் கேட்பாரின்மையும்

அரக்கோணத்தை அடுத்த தக்கோலம், சோழ இளவரசன் இராசாதித்தன் 949ஆம் ஆண்டில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு பொருது மாண்ட களம் என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. அந்த வெற்றியைக் கூறும் ஆதகூர்க் கல்வெட்டு ஒரு வேட்டை நாயின் நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டது என்பது அதே அளவுக்குக் கவனம் பெறவில்லை. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த இக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்போரில் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரனான மணலேரன், போர்த்திறனுக்குப் பரிசாக வேண்டியதைக் கேட்கலாம் எனப்பட்டபோது, காளி என்ற நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் கேளலைப் பகுதியில் காளியும் பெரும் பன்றியொன்றும் மோதி இரண்டுமே மடிந்தன. ஆதகூர்க் கோயிலின் முன்னே கல் நடப்பட்டு, அதன் பூசைக்கு நிலமும் விடப்பட்டது. கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசாரியைப் பாவம் சேரும் என்றும் கல்வெட்டு விதிக்கிறது.

கல்வெட்டு போற்றுவது வீரத்தையே அன்றி உடையவனின் கண்ணீரை அன்று என வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், ஒரு நாயின் நினைவை அன்றாடக் கடமையாக்கி, அதற்கு நிலத்தின் விளைச்சலையும் பொறுப்பாக்கிய ஏற்பாட்டை வெறும் புகழுரையாகக் கொள்வது போதாது. இழந்தவனின் துயரம் அங்கே ஊரறிந்த நிகழ்வாகியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு முன்வடிவம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு, கள்வனைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லிப் பொறித்துள்ளது. கோவிவன் காவல் நாயே எனினும், நாயின் பெயரும் செயலும் கல்லில் இடம்பெறத் தக்கவை என்ற எண்ணம் ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்ததற்கு அது சான்று. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் சேவலுக்கு எடுத்த கல்லையும் இவ்வரிசையில் வைக்க வேண்டும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் மாந்த வீரர்க்கு வகுத்த ஆறு நிலைகள், கல்லைத் தேடுவது முதல் வாழ்த்துவது வரை, துயருற்றவர்களின் கைகளுக்கு வேலை தருகின்றன.

இந்த வேலை இல்லாமற்போவதன் விளைவைத்தான் இன்றைய துக்க ஆய்வு விளக்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் வெளியான நூலில், வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவோ பிறர் முன் அழவோ இடமில்லாத இழப்பின் துயரை அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம் என்று வகைப்படுத்தினார். வளர்ப்பு விலங்கின் சாவு அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாக இன்று கருதப்படுகிறது. மனிதச் சாவுக்குத் துக்கம் விசாரிக்க வருபவர்களும், பதினாறாம் நாள் காரியமும், அலுவலக விடுப்பும் உண்டு. நாய் செத்த வீட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகியோர் பதிப்பித்த நூல் முன்வைத்த தொடரும் பிணைப்பு என்ற கருத்து, இறந்தவரை மறந்து விலகுவதே நலம் என்ற பழைய கொள்கையை மறுத்து, உறவு வேறு வடிவில் நீடிப்பதும் இயல்பே என்கிறது. காளியின் கல்லுக்கு விதிக்கப்பட்ட பூசையை இக்கருத்தின் துணையோடு படிக்க இயலும்.

காளியைப் போன்ற வேட்டை நாய்களின் வாழ்வும் இன்று மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை ஒடுங்கியது. மோப்பத்தைவிடப் பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி முயல் விரட்டிய சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் நகரங்களில் காவலுக்கும் தோழமைக்கும் வளர்க்கப்படுகின்றன. சென்னையை அடுத்த ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகளில் தோட்டத்தோடு கூடிய வீடுகள் அடுக்ககங்களாக மாறும்போது, இறந்த நாயைப் புதைத்து அதன்மேல் செடி நடும் எளிய வழக்கத்துக்கும் மண் கிடைப்பதில்லை. இதைவிடக் கடினமான மாற்றம் ஒன்றும் உண்டு. காளி பன்றியோடு பொருது மாண்டதால் மணலேரன் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. சிறுநீரகச் செயலிழப்பாலோ புற்றாலோ நலியும் இன்றைய நாய்க்குக் கருணைக்கொலை பரிந்துரைக்கப்படும்போது, ஒப்புதல் தரும் உடையவரின் துயரத்தோடு குற்ற உணர்வும் சேர்கிறது. அந்த முடிவு ஏன் தேவைப்பட்டது என்பதைக் கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்குவது மருத்துவக் கடமையின் பகுதியே. துக்கம் கேட்க வேறெவரும் வராத வீட்டுக்கு அவ்விளக்கம் துக்கம் கேட்டலாகவும் அமைகிறது.